இரும்பைத் தண்ணீராக எண்ணிய கணக்கு

ஏழு என்ற எண்ணின் நடுவே ஒரு சிறு கோடு இழுத்துத்தான் எழுதுவார் ஓவர்சியர் மேடம். ஒன்றும் ஏழும் குழம்பிவிடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் யாரோ பழக்கியிருக்க வேண்டும். ஒரு வரைபடத் தாளின் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் அவர் அப்படி எழுதிய 7.85 என்ற எண் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எஃகின் அடர்த்தி அது. ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இடத்தை எஃகால் நிரப்பினால் எடை ஏழு கிலோ எண்ணூற்றைம்பது கிராம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த எண். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்த ஒரு பிழையையும், அதை அவர் கண்டுபிடித்ததையும், கண்டுபிடித்த பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தையும் எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவன், நோய்க்கால ஊரடங்கில் அங்கே ஆட்களைக் குறைத்தபோது பெட்டியும் மடிக்கணினியுமாக ஊர் திரும்பியிருந்தேன். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கரும்புக் கொல்லை எங்களுக்கு உண்டு. அதில் இறங்காமல் இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சியில் இரும்புக் கட்டுமான வேலை எடுத்துச் செய்யும் ஒரு பட்டறையின் முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். கொட்டகைக் கூரையோ, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சட்டமோ, எது வந்தாலும் அதை முதலில் நான் கணினியில் முப்பரிமாண மாடலாகக் கட்டுவேன். ஒவ்வொரு துண்டின் நீள அகல கனத்தைக் கொடுத்தால் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கணினிக்குத் தெரிந்துவிடும். என்ன உலோகம் என்பதையும் சொல்லிவிட்டால் அடர்த்தியால் பெருக்கி எடையைக் கொடுத்துவிடும். ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லாத் துண்டுகளின் எடையும் அட்டவணையாக வந்து நிற்கும். அதுவரை அந்தப் பட்டறையில் மேஸ்திரி கண்ணால் பார்த்து எடை சொல்லிக்கொண்டிருந்தார். நான் தசமப் புள்ளியோடு சொன்னேன். முதலாளிக்கு அதில் பெருமை, எனக்கு அதைவிடப் பெருமை.

அரசுக் கட்டுமான வேலைகளை மேற்பார்வை பார்க்க வரும் ஓவர்சியர் மேடத்துக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரர். டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார், வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். அதிகம் பேச மாட்டார். பட்டறைக்கு வந்தால் நாற்காலி போட்டாலும் உட்காராமல் நேராக இரும்பு கிடக்கும் இடத்துக்குப் போய்க் குனிந்து பார்ப்பார். அவர் தேர்ச்சி பெற்ற அதே அரசு ஓவர்சியர் தேர்வை அதே ஆண்டு நானும் எழுதியிருந்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சங்கதி எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படும். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, “ஒன் எடத்துலதான்டா அந்தம்மா குந்திக்கினு இருக்குது” என்பார். மேடம் வந்தது பழங்குடியினருக்கான பட்டியலில். எனக்குக் கிடைக்காத இடத்துக்கும் அவருக்குக் கிடைத்த இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சித்தப்பா சொல்லும்போது நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. அந்தப் பேச்சில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம் அது. எங்கள் சாதிக்குத் தனியாகப் பங்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கரும்பு போட்டு, பிள்ளைகளைப் பட்டப்படிப்பு படிக்கவைத்துவிட்டு, வேலைக்காகக் காத்திருந்த வீடுகள் எங்கள் தெருவில் வரிசையாக இருந்தன. சித்தப்பா எல்லா மறியலுக்கும் போவார். எனக்காகத்தான் போவதாகவும் சொல்வார்.

மலைமேல் ஓர் ஓடைக்குக் குறுக்கே கம்பிவடத்தில் தொங்கும் நடைபாலம் போடும் வேலை அந்தச் சமயத்தில்தான் எங்கள் பட்டறைக்கு வந்தது. மழைக்காலத்தில் அந்த ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டால் அக்கரைச் சிற்றூர் தனித்துப் போய்விடும். பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாது. உடம்புக்கு முடியாதவர்களைக் கட்டிலில் வைத்துக் கரையிலேயே காத்திருக்க வேண்டும். அரசு நிதியில் வந்த அந்த வேலைக்கு மேற்பார்வை, மேடம். ஜீப் போகும் பாதை ஓடைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஒற்றையடிப் பாதையில் இரும்பைத் தோளில் சுமந்துதான் போக வேண்டும். அதனால் வேலையைக் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார். எந்தத் துண்டும் எண்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எந்தப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். “பாதை அவ்ளோதான் சார் தாங்கும்” என்றார், வேறு விளக்கம் சொல்லவில்லை. சும்மா ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்தின் தூண்களுக்கு அடியில் வரும் துண்டுகள்தான் என்னைப் படுத்தின. இக்கரைக்கு இரண்டு, அக்கரைக்கு இரண்டு, ஆக மொத்தம் நாலு. பட்டறையில் அதை அடிக்கால் என்றோம். அரை மீட்டர் சதுரத்தில் நாலு சென்டிமீட்டர் கனத்துக்கு ஓர் அடித்தகடு, அதன் மேல் முழங்காலைத் தாண்டும் உயரத்துக்கு ஒரு தடித்த குழாய், குழாயைச் சுற்றி முக்கோணத் தாங்குதகடுகள், உச்சியில் இன்னொரு தகடு. எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த ஒரே துண்டு. மாடலில் முதலில் எண்பத்துமூன்று கிலோ காட்டியது. தாங்குதகடுகளின் ஓரங்களைச் சீவி, உச்சித் தகட்டில் கொஞ்சம் குறைத்து, இரண்டு நாள் போராடி எழுபத்தொன்பது கிலோ இருநூறு கிராமுக்குக் கொண்டுவந்தேன். அந்த அட்டவணையை அச்செடுத்து மேடத்திடம் கொடுத்தபோது ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு முன்னால் லாரியோடு எடை மேடையில் ஏற்றி மொத்த எடைக்குச் சீட்டு வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பற்றவைத்து முடித்த அன்றைக்கு, சங்கிலிக் கப்பியில் மாட்டி அடிக்காலைப் புரட்டும்போது மேஸ்திரி என்னைப் பார்த்து, இது எண்பது கிலோ மாதிரி தெரியவில்லையே, கூட இருக்கும் போலிருக்கே என்றார். கப்பியில் தூக்குகிற கைக்கு எடை தெரியாது, கணினி தப்பு செய்யாது என்று நான் சொன்னேன். அவர் என் அப்பா வயதுக்காரர். சங்கிலியை இழுத்துத் துண்டைப் புரட்டி முடித்தார். அடித்தகட்டுக்கான இரும்பு பட்டறையிலேயே பழைய வேலையில் மிஞ்சிக் கிடந்தது. வெளியிலிருந்து வாங்கியிருந்தால் எடை போட்டுத்தான் கொடுத்திருப்பார்கள், அப்போதே தெரிந்திருக்கும்.

இரும்பை மலைக்கு அனுப்ப வேண்டிய நாளில் எங்கும் மறியல். கள்ளக்குறிச்சியில் எடை மேடையைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். மேலே மலையில் அஸ்திவார வேலை முடிந்து, சுமப்பதற்கு ஊர்க்காரர்கள் இரண்டு நாளாகக் கூலிக்குப் போகாமல் காத்திருந்தார்கள். மேடம் சிறிது நேரம் யோசித்துவிட்டு, போகிறவரை போய்ப் பார்க்கலாம் என்றார். சின்ன லாரியில் ஓட்டுநர், நான், ஜன்னல் ஓரமாக மேடம். கச்சிராயபாளையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சாலை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் லாரியும் ஒரு புளியமரத்தடியில் போய் நின்றது. காலை பத்து மணி இருக்கும்.

முன்வரிசையில் இருந்த சித்தப்பா என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். நாங்கள் இறங்கி மர நிழலில் நின்றோம். சாயங்காலம் வரைக்கும் வண்டி எதுவும் நகராது என்றார். மேடத்தை யார் என்று கண்ணால் கேட்டார். சொன்னேன். அவர் போய்த் தயிர்ச்சோற்றுப் பொட்டலங்கள் வாங்கி வந்து எங்கள் மூவருக்கும் கொடுத்தார். மேடத்துக்குக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் மரியாதையாகத்தான் கொடுத்தார். இது சித்தப்பாவின் குணம். பசித்த ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது. சாப்பிட்டுவிட்டு மேடம் லாரியின் பின்பக்கம் போய், நிழல் விழுந்த இடத்தில் ஒரு மரப்பலகைமேல் உட்கார்ந்து, வரைபடங்களைப் பையிலிருந்து எடுத்தார்.

சித்தப்பாவோடு இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் வேலைக்கு வந்தது. ஒருவர், நீ இன்னாடா பண்ற பட்டறையில என்று கேட்டார். நான் சொல்வதற்குள் சித்தப்பா சொன்னார்: “கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது பூரா நம்ம புள்ள. கையெழுத்து போடுறதுக்கு மட்டும் மலையிலேந்து ஆளு.”

எல்லோரும் சிரித்தார்கள். லாரியின் பின்பக்கம் பத்தடி தூரம்கூட இல்லை. சித்தப்பா குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவர். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வேண்டாம் சித்தப்பா என்ற ஒரு சொல் போதும். சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை என்று எனக்கு நானே பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. உண்மை என்னவென்றால், “நம்ம புள்ள” என்று அவர் சொன்னபோது எனக்குள் ஏதோ குளிர்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டார். போனேன். மடியில் அடிக்காலின் வரைபடம், பின்பக்கம் திருப்பிய ஒரு தாள், அதில் பெருக்கல்கள். எடைச் சீட்டு கிடைக்காததால், பெரிய துண்டுகளையாவது கையால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். அடித்தகட்டின் அளவுகளைக் காட்டி, சரிதானா என்று கேட்டார். சரி என்றேன்.

“அரை மீட்டருக்கு அரை மீட்டரு, நாலு சென்டி கனம். பத்து லிட்டரு வருது. பத்த ஏழு எம்பத்தஞ்சால பெருக்குனா எழுபத்தெட்டரை கிலோ. பிளேட்டு மட்டும். உங்க அட்டவணையில மொத்தமே எழுபத்தொம்பது இருநூறு போட்டிருக்கு. அப்ப அந்தக் கொழாயி, மேல் தகடு, தாங்கி எல்லாஞ் சேந்து முக்கா கிலோதானா சார்?”

எங்கோ கூட்டலில் பிசகியிருப்பார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. லாரியின் பின்கதவில் மடிக்கணினியை வைத்து மாடலைத் திறந்தேன். குழாய், எஃகு. உச்சித் தகடு, எஃகு. தாங்குதகடுகள், எஃகு. அடித்தகடு இருந்த வரியில் உலோகத்தின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. வேறொரு பழைய வேலையின் கோப்பிலிருந்து அந்தத் தகட்டை எடுத்துவந்து அளவை மட்டும் மாற்றியிருந்தேன். உலோகத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். எந்தப் பொருள் என்று சொல்லாவிட்டால் நான் பயன்படுத்திய மென்பொருள் அதைத் தண்ணீரின் அடர்த்தியில் வைத்துக்கொள்ளும். பத்து லிட்டர் எஃகு எனக்குப் பத்து கிலோவாக வந்திருக்கிறது. கட்டத்தில் எஃகு என்று தேர்ந்தெடுத்தேன். திரையில் எண் மாறியது. நூற்று நாற்பத்தேழு கிலோ எழுநூறு கிராம்.

“ஒரு கொடம் தண்ணின்னு நெனச்சிக்கினு இருந்திருக்கு” என்றார் மேடம், திரையைப் பார்த்துக்கொண்டே. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே வியப்பாக இருந்தது.

இரண்டு நாள் ஓரங்களைச் சீவிக் கிராம் கிராமாகக் குறைத்தவன், அறுபத்தெட்டரை கிலோவைக் காணாமல் விட்டிருக்கிறேன். அதுவும் ஒன்றில் இல்லை, நாலு துண்டுகளிலும். நாங்கள் பின்பக்கம் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா வந்தார். கூட வந்தவர்களும் வந்தார்கள். “இன்னா மேடம், நம்ம புள்ள கணக்கு சரியா இருக்கா?” என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்த இடத்தில் மேடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அதில் ஒரு தவறும் இருந்திருக்காது. சற்று முன் பேசிச் சிரித்த அதே ஆட்கள் முன்னால் அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அவர் தாளை இரண்டாக மடித்தார்.

“பாத்துக்கினு இருக்கோம்ங்க” என்றார்.

பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று சொல்லவில்லை, இருக்கோம் என்றார். அந்த ஓம் என்ற விகுதிக்குள் என்னையும் இழுத்து வைத்துக்கொண்டார். எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ உதவி செய்திருக்கிறார்கள். வேலை வாங்கித் தந்திருக்கிறார்கள், மருத்துவமனையில் கூட நின்றிருக்கிறார்கள். அவற்றை எல்லாம் மறக்கவில்லை. ஆனால் நன்றி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒற்றை விகுதிதான்.

சித்தப்பா போன பிறகு, எடையை மாற்றி எழுதிவிட்டு மேலே போய்விடலாம், நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேர் தூக்கட்டும் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டி மறுத்தார். பிறகு, அத்தனை நாளில் முதல்முறையாக, அந்த எண்பது கிலோ எங்கிருந்து வந்தது என்று விளக்கினார். பாதை ஓடைக்கு இறங்கும் இடத்தில் ஒரு பாறை வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் பள்ளம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் நடக்க அகலம் கிடையாது. துண்டை ஒரே கழியில் கட்டித் தொங்கவிட்டு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஆளைக் கூட்டக் கழியை நீளமாக்கினால் வளைவில் திரும்பாது. நாலு தோள், அதற்கு மேல் ஒரு தோளுக்கு இடமில்லை. அந்தப் பாறையை மனதில் வைத்துக்கொண்டுதான் எண்பது என்று சொல்லியிருக்கிறார். சுமக்கப் போகிறவர்களில் அவருடைய அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள் என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

சாயங்காலம் மறியல் கலைந்தது. மலைப் பக்கம் போகிற வண்டிகள் எல்லாம் முன்னே போக, எங்கள் லாரி மட்டும் திரும்பிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தது. பட்டறை வாசலில் இறங்கும்போது அவர் என்னிடம், முதலாளியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இடத்துக்கு ஏற்றபடி துண்டை இரண்டாகப் பிரிக்கச் சொன்னதாக மட்டும் நான் எழுதுகிறேன் என்றார். என்னைக் காப்பாற்றுகிற அந்த வழி திறந்தே இருந்தது. இரவு முழுக்க அதைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் முதலாளியிடமும் மேஸ்திரியிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். முதலாளி கொஞ்ச நேரம் கத்தினார். மேஸ்திரி கத்தவில்லை. “நான் தூக்கும்போதே கேட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பற்றவைத்ததை வெட்டுவதற்குக் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்.

அடித்தகட்டைத் தனியாகப் பிரித்தோம். குழாயின் அடியில் ஒரு வளையத்தைச் சேர்த்து, இரண்டையும் மலையிலேயே போல்ட்டு போட்டு முடுக்கிக்கொள்ளும்படி மாற்றினோம். தகடு எழுபத்தெட்டு கிலோ, மேல்பகுதி எழுபத்தாறு. இந்தத் தடவை நானும் கையால் பெருக்கினேன், மேடமும் பெருக்கினார். எடை மேடையும் திறந்திருந்தது. மூன்றும் ஒத்துப் போயின.

புதுத் துண்டுகளை ஏற்றி அனுப்புகிற அன்றைக்கு, நீங்களும் மேலே வாங்க சார் என்று மேடம் கூப்பிட்டார். நிறுவுவதில் ஏதாவது சந்தேகம் வரலாம், அதற்காகக் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். ஜீப் பாதை முடிகிற இடத்தில் ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். முதல் நாள் பெய்த மழையில் பாதை ஈரமாக இருந்தது. முதல் தகட்டைக் கழியில் கட்டி முடித்ததும் மேடம் என்னைப் பார்த்து, “நீங்க போட்ட எடை. ஒரு தடவ நீங்களும் தூக்கிப் பாருங்க” என்றார்.

தோளில் ஒரு துணியை மடித்துப் போட்டுக்கொண்டு முன்பக்கம் இரண்டாவது ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் மேடத்தின் அண்ணி. மெலிந்த உடம்பு, காலில் செருப்பு இல்லை. தூக்கியபோது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எழுபத்தெட்டை நாலால் வகுத்தால் இருபதுகூட இல்லையே என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். சமதளத்தில் அந்த வகுத்தல் சரியாகத்தான் இருந்தது. இறக்கம் தொடங்கியதும் தப்பாகிவிட்டது. சரிவில் பாரம் நாலு பேருக்கும் சமமாகப் பிரிவதில்லை. கீழே நிற்கிறவர்களைத் தேடி வந்துவிடுகிறது. பின்னால் இருந்தவர்களின் தோள் லேசாக, எங்கள் இருவர் தோளிலும் ஏறிக்கொண்டே போனது. கழி கழுத்து எலும்பை அழுத்தியது. ஒவ்வோர் அடிக்கும் தகடு ஆடி, ஆடுகிற பக்கம் நம்மையும் இழுத்தது.

பாறை வளைவில் என் இடது கால் சறுக்கியது. முழங்கால் பாறையில் இடித்தது. அந்த நொடியில் என் பங்கு முழுவதும் முன்னால் இருந்த அந்த அம்மாவின் தோளுக்குப் போனது. அவர் முதுகு வளைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் நின்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மெதுவா எந்திரிங்க. நாங்க புடிச்சிக்கினு இருக்கோம்” என்றார். நான் எழுந்து கழிக்குத் தோள் கொடுத்த பிறகுதான் அடுத்த அடி வைத்தார்.

நூற்று நாற்பத்தேழு கிலோவாக இருந்திருந்தால் அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் அதற்குப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முழுவதுமாக நினைத்து முடித்ததில்லை. பள்ளம் வரை போய் நிறுத்திவிடுவேன். அன்று மாலை ஓடைக் கரையில் உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் கொடுத்த சாமைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேடம் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, மஞ்சள் வைக்கச் சொன்னார். எடையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித் தர ஒன்றும் பாக்கி இருக்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் பாலம் எழுந்துவிட்டது. அதன் பிறகு நான் இன்னும் ஒரு வருடம் பட்டறையில் இருந்தேன். பிறகு ஓசூரில் ஒரு பெரிய வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போனேன். மேடத்துக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. பாலம் தாமதமானதற்காக அவரிடம் விளக்கம் கேட்டு எழுதினார்கள் என்பதும், என் பெயரையோ பட்டறையையோ குறிப்பிடாமல் அவர் பதில் கொடுத்தார் என்பதும் முதலாளி சொல்லித்தான் பின்னால் தெரிந்தது. ஓசூரில் இப்போது என் வேலையே எடைதான். ஒவ்வொரு மாடலிலும் தூக்க வேண்டிய பாகங்களின் எடையையும், எந்த இடத்தில் கொக்கி மாட்ட வேண்டும் என்பதையும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இப்போதைய மென்பொருளில் உலோகத்தின் பெயர் விட்டுப்போனால் சிவப்பு விளக்கு எரிகிறது. இருந்தாலும் கனமான ஒரு துண்டையாவது தாளில் பெருக்கிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. பக்கத்து மேசைக்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கை. அங்கே தூக்குவது பளுதூக்கி இயந்திரம், தோள் இல்லை. ஆனால் திரையில் கிலோ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு வளைகிற ஒரு முதுகு தெரிகிறது. அதை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை.

சித்தப்பாவிடம் அடித்தகட்டுக் கதையை அந்த வருடப் பொங்கலுக்கே சொல்லிவிட்டேன். என் வேலையைப் பற்றி மறியலுக்குப் போகிற இடத்தில் பேசுவதை அதோடு விட்டுவிட்டார். மறியலுக்குப் போவதை விடவில்லை.

மேடத்திடம் மட்டும் சொல்லாமல் ஒன்று பாக்கி இருந்தது. போன மாதம் அவருடைய எண்ணை ஒருவரிடம் வாங்கிப் பேசினேன். குரல் மாறவில்லை. வீடு, பிள்ளைகள், அண்ணி எல்லோரையும் விசாரித்த பிறகு, அன்றைக்குப் புளியமரத்தடியில் சித்தப்பா பேசியது உங்கள் காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

“விழுந்துச்சி சார். விழாம இன்னா, பக்கத்துலதான இருந்தேன். பெருக்கல் பாதியில இருந்துச்சி. அத வுட்டுட்டு எந்திரிச்சி வந்து பதில் சொல்லிக்கினு இருந்தா, அந்தத் தப்போடவே வண்டி மல ஏறியிருக்கும்.”

“நான் அப்ப பேசியிருக்கணும் மேடம்” என்றேன்.

பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“ஆமா சார். பேசியிருக்கணும்” என்றார்.

அதில் கோபம் இல்லை. கூட்டல் சரியா என்று கேட்டால் சரி என்று சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு, தான் இப்போது இருக்கிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் வருகிறது, ஒப்பந்தக்காரர் கொடுத்த எடை அட்டவணை இருக்கிறது, தனியாகப் பார்த்தால் கண் தப்பிவிடும், நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அன்று சாயங்காலமே அனுப்பினார். முப்பத்திரண்டு துண்டுகள். விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தாளில் பெருக்கினேன். எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இருக்கிறது என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயரைப் போட்டு அவருக்கு அனுப்பினேன்.